கருவில் பட்ட மதுவும் குழந்தையின் கையும்

கர்ப்பிணி அருந்தும் மது வயிற்றிலுள்ள குழந்தையின் மூளையைக் கெடுக்குமா என்று இன்று கேட்டால் எந்த வைத்தியரும் தயங்காமல் ஆம் என்பார். அந்த ஆம் மருத்துவ உலகில் நிலைபெற ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன. நடுவில் ஒரு தலைமுறை அதை அடியோடு மறுத்ததும் உண்டு. அந்தக் கேள்வியின் பக்கத்திலேயே நிற்கும் இன்னொன்றுக்கு இன்றுவரை அரைகுறை விடைதான் இருக்கிறது: அப்படிப் பாதிக்கப்பட்ட குழந்தைகள் இடக்கைக்காரராகவோ, எந்தக் கை தன் கை என்று தெளியாதவராகவோ வளரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலா?

இது வெறும் ஆர்வத்தில் எழுந்த கேள்வி அல்ல. மூளையைப் படமெடுக்கக் காந்த அதிர்வுக் கருவி வேண்டும். படத்தைப் படிக்க நிபுணர் வேண்டும். ஒரு பிள்ளை எந்தக் கையால் பந்தெறிகிறது என்று பார்க்க வீட்டு முற்றம் போதும். ஆகவே மூளையின் உள்நிலையைக் கைச்சார்பே காட்டிக்கொடுத்துவிடுமோ என்ற நப்பாசை ஆய்வாளர்களை விடாமல் பிடித்துவந்திருக்கிறது. கண்டி நகருக்குக் கிழக்கே மகாவலிக் கரையில் இருக்கும் குண்டசாலை போன்ற பிரதேசத்தில் அது இன்னும் வலுக்கக்கூடும். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடு தேடிச் சென்று பார்க்கும் மருத்துவமாதுகள் அங்கே இருக்கிறார்கள். ஸ்கேன் வசதிக்குக் கண்டிக்கோ பேராதனைக்கோ போக வேண்டும். அந்த நப்பாசை எவ்வளவு தூரம் நியாயமானது என்பதே இங்கு ஆராயப்படுவது.

பழைய சந்தேகம், மறக்கப்பட்ட சான்று

1726இல் லண்டன் மருத்துவர் கல்லூரி, ஜின் மதுவின் பெருக்கத்தால் நலிந்த, நோய்ப்பட்ட குழந்தைகள் பிறக்கின்றன என்று பிரித்தானிய நாடாளுமன்றத்தில் முறையிட்டது. 1834இல் குடிவெறி பற்றி விசாரித்த நாடாளுமன்றக் குழுவும் குடிகாரத் தாய்மாரின் குழந்தைகள் வாடிச் சுருங்கிய தோற்றத்துடன் பிறப்பதாகப் பதிந்தது. இவையெல்லாம் கண்ணால் கண்ட செய்திகள். எண்ணிப் பார்த்தவை அல்ல.

எண்ணிப் பார்த்தவர் லிவர்பூல் சிறையில் வைத்தியராக இருந்த வில்லியம் சல்லிவன். குடிக்கு அடிமையான 120 பெண்களுக்குப் பிறந்த 600 குழந்தைகளை அவர் 1899இல் கணக்கெடுத்தார். அவர்களில் 335 பேர் இறந்தே பிறந்திருந்தார்கள் அல்லது இரண்டு வயதுக்குள் இறந்துபோயிருந்தார்கள். குடிக்காத உறவுப் பெண்களின் குழந்தைகளிடையே இந்த விகிதம் பாதிக்கும் குறைவாக இருந்தது. அவர் குறித்த இன்னொன்று அதைவிட முக்கியமானது: கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே சிறைக்கு வந்து, அதனால் குடிக்க முடியாமல் போன பெண்களுக்கு நலமான குழந்தைகள் பிறந்தன. குறை பரம்பரையில் இருந்திருந்தால் சிறைக்கதவு அதைத் திருத்தியிருக்காது. குற்றவாளி மதுவே என்பதற்கு அன்றைக்குக் கிடைத்த மிகக் கூர்மையான சான்று இது.

ஆனாலும் அது எடுபடவில்லை. 1910இல் புள்ளியியலாளர்களான எத்தெல் எல்டர்டனும் கார்ல் பியர்சனும் கால்டன் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியிட்ட ஆய்வு, பெற்றோரின் குடி பிள்ளைகளின் உடலையும் அறிவையும் குறிப்பிடத்தக்க அளவில் பாதிப்பதாகத் தெரியவில்லை என்றது. பொருளியலாளர் கெய்ன்ஸ் உள்ளிட்ட பலர் அதன் ஒப்பீட்டு முறையைச் சாடினார்கள். இருந்தும் பியர்சனின் பெயருக்கு எடை அதிகம். அமெரிக்க மதுவிலக்கு 1933இல் தோற்று முடிந்தபோது, மதுவெதிர்ப்பு இயக்கத்தார் பேசிய அனைத்தும் ஒழுக்கப் பிரசாரமாகத் தள்ளப்பட்டது; சல்லிவனின் கணக்கும் அதோடு சேர்ந்து போயிற்று. 1960களில் குறைமாதப் பிரசவத்தைத் தடுக்கக் கர்ப்பிணிகளுக்கு நாளத்தின் வழியே எத்தனால் ஏற்றும் சிகிச்சை நடைமுறையில் இருந்தது என்பதிலிருந்து மறதியின் ஆழத்தை ஊகிக்கலாம்.

மறந்ததை மீட்டவர்கள் இருவேறு இடங்களில் இருந்தார்கள். பிரான்சின் நாந்த் நகரில் பால் லெமுவான் 1968இல் குடிப்பழக்கமுள்ள பெற்றோரின் 127 குழந்தைகளை விவரித்தார். பிரெஞ்சு மொழியில் வெளியான அக்கட்டுரையை வெளியுலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1973இல் சியாட்டிலில் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் அதே தோற்றத்தை லான்செட் இதழில் எழுதி அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். தமிழில் அதைக் கருவழி மது நோய்க்குறித்தொகுதி எனலாம். சிறிய கண்பிளவு, மூக்குக்கும் உதட்டுக்கும் இடையில் வரியற்ற மேல்தோல், மெல்லிய மேலுதடு, குன்றிய வளர்ச்சி, சிறுத்த தலை ஆகியவை அதன் அடையாளங்கள். முகத்தில் எதுவும் தெரியாமலே மூளை பாதிக்கப்படலாம் என்பது போகப்போகத் தெரியவந்தது. அப்படிப்பட்டவர்களே பெரும்பான்மை என்பதும் தெரிந்தது.

மூளையில் நடப்பது

எத்தனால் சின்னஞ்சிறு மூலக்கூறு. நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. தாயின் இரத்தத்தில் இருக்கும் அளவு சற்று நேரத்தில் கருவின் இரத்தத்திலும் இருக்கும். அதைச் சிதைக்கக் கருவின் ஈரலுக்கு இன்னும் வலுவில்லை.

எந்தக் காலத்தில் படுகிறது என்பதைப் பொறுத்துச் சேதம் மாறும். கேத்லீன் சுலிக் 1981இல் எலிகளில் காட்டியது முதற்கட்டம்: மனிதக் கருவின் மூன்றாம் வாரத்துக்கு நிகரான நாளில் ஏறிய மது, மேற்சொன்ன முக அமைப்பை அப்படியே உருவாக்கியது. பல பெண்களுக்கு அந்த வாரத்தில் கருவுற்றதே தெரிந்திருக்காது. மறுமுனையில், இக்கோனோமிடூவும் உடன் ஆய்ந்தவர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட எலி ஆய்வு, மனிதக் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களுக்கு நிகரான பருவத்தில் ஏறும் மது, முன்மூளையில் நரம்பணுக்களைக் கூட்டம் கூட்டமாகத் தற்சாவுக்குத் தள்ளுவதைக் காட்டியது. இரண்டுக்கும் நடுவே நரம்பணுக்கள் தம் இடம் தேடி நகரும் காலம் இருக்கிறது. இறந்த குழந்தைகளின் மூளைகளை 1978இல் ஆராய்ந்த ஸ்டெர்லிங் கிளாரனின் குழு, போகவேண்டிய இடத்தில் நிற்காமல் மூளையின் மேற்பரப்பையும் தாண்டிப் படர்ந்த அணுக்களைக் கண்டது.

இக்கட்டுரைக்கு மிகவும் வேண்டிய உறுப்பு கார்பஸ் கலோசம். இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் பெரும் நரம்பு நார்த்தொகுதி அது. வலக்கைக்குத் தெரிந்ததை இடக்கையை ஆளும் பக்கத்துக்கு அறிவிப்பது அதன் வேலைகளில் ஒன்று. அதிக மதுவுக்கு ஆட்பட்ட பிள்ளைகளில் அது சிறுத்தும் இடம் விலகியும் காணப்படுகிறது. சிலரிடம் முற்றிலும் இல்லை. பொதுமக்களிடையே அப்படி இல்லாமற் போவது மிக அரிது. அணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் எல்1 என்ற புரதத்தின் செயலை எத்தனால் தடுக்கிறது என்று ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். பிறவியிலேயே அப்புரதத்தில் பிழையுள்ளவர்களுக்கும் கார்பஸ் கலோசம் குறைவுபட்டே இருக்கும். இயங்குமுறையும் படமும் இப்படி ஒத்துப்போவது இத்துறையில் அடிக்கடி நடப்பதல்ல. இதைத் தவிர, சிறுமூளையின் முன்நடுப்பகுதியும் முன்மூளையின் அடியிலுள்ள கோடேட் கருவும் சுருங்குவதும் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்டவை. திட்டமிடுதல், கவனம், கணக்கு, கைவிரல்களின் நுண்ணியக்கம் ஆகியவற்றில் பிள்ளைகள் பின்தங்குவது இவற்றோடு பொருந்துகிறது.

கைச்சார்பு எங்கிருந்து வருகிறது

2020இல் வெளியான, ஏறத்தாழ 24 இலட்சம் பேரை உள்ளடக்கிய தொகுப்பாய்வின்படி உலகில் நூற்றுக்கு 10.6 பேர் இடக்கைக்காரர். மிச்சமுள்ளவர்கள் ஏன் வலக்கைக்காரர் என்பதே உண்மையில் பெரிய புதிர். அதற்குச் சொல்லப்பட்ட விடைகள் ஒன்றையொன்று இடிப்பவை.

பரம்பரை என்பது முதல் விடை. மரியன் ஆனெட்டும் பின்னர் கிறிஸ் மக்மானஸும் ஒற்றை மரபணுவை வைத்து அழகான கோட்பாடுகளைக் கட்டினார்கள். 2021இல் 17 இலட்சம் பேரின் மரபுத் தரவு வந்தபோது அந்த அழகு நிற்கவில்லை. இடக்கையோடு தொடர்புடைய 41 இடங்கள் மரபுத்தொகுதியில் தென்பட்டன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. இரட்டையர் ஆய்வுகளும் பரம்பரைக்குக் கால்பங்கு அளவே இடம் தருகின்றன. ஆனால் அந்த 41 இடங்களில் பல, நரம்பணுவின் உட்சட்டமான நுண்குழல்களோடு சம்பந்தப்பட்டவை என்பது மறக்கத்தக்கதல்ல. மதுவும் நரம்பணுக்களின் நகர்வைக் குலைக்கிறது.

இரண்டாவது விடை காயம். பால் பாகன் 1971இல் இடக்கை எல்லாமே பிறப்பு நேரத்து நெருக்கடியின் விளைவு என்கிற அளவுக்குப் போனார். அது மிகை. பால் சாட்ஸ் அடுத்த ஆண்டே சொன்ன நிதானமான வடிவம்தான் இன்றும் நிற்கிறது. இயல்பாக நூறு பேரில் தொண்ணூறு பேர் வலக்கைக்காரராக ஆக இருப்பவர்கள். மூளையின் ஏதோ ஒரு பக்கத்தில் ஆரம்பத்திலேயே காயம் பட்டுக் கை மாறுகிறது என்றால், வலத்திலிருந்து இடத்துக்கு மாறுவோர் எதிர்த்திசையில் மாறுவோரைவிட ஒன்பது மடங்கு இருப்பார்கள். மாறுவதற்கு அந்தப் பக்கத்தில்தான் ஆட்கள் அதிகம். ஆகவே மூளைக் காயமுள்ள எந்தக் குழுவிலும் இடக்கை கூடித் தெரியும். அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களிடையே இடக்கை கூடுதல் என்பது பல நாடுகளில் கண்டது. இதை மாற்றி வைத்து, இடக்கைக்காரர் எல்லாம் காயம்பட்டவர் என்று வாசிக்க இந்தக் கணக்கு இடம் தரவில்லை.

மூன்றாவது விடையாகக் கெஷ்விண்டும் கலபுர்டாவும் 1985இல் முன்வைத்த டெஸ்டோஸ்டெரோன் கோட்பாடு ஒரு காலத்தில் பரபரப்பாகப் பேசப்பட்டது. தொடர்ந்து வந்த சோதனைகளில் அது பெரிதாகத் தேறவில்லை.

நான்காவது விடை மிக முந்தைய கருப்பருவத்தைக் காட்டுகிறது. பெல்ஃபாஸ்டில் பீட்டர் ஹெப்பர் கருவிலுள்ள குழந்தைகள் எந்தக் கட்டைவிரலைச் சூப்புகின்றன என்று ஒலியலைப் படத்தில் பார்த்து, அவர்கள் வளர்ந்த பின் மீண்டும் தேடிச் சென்றார். கருவில் வலவிரல் சூப்பிய 60 பேரும் வலக்கைக்காரர் ஆகியிருந்தார்கள். இடவிரல் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கைக்காரர்; 5 பேர் வலத்துக்கு மாறியிருந்தார்கள். பத்தாம் வாரத்திலேயே பெரும்பாலான கருக்கள் வலக்கையை அதிகம் அசைக்கின்றன என்றும் அவர் கண்டார். ஓக்லன்பர்க்கின் குழு 2017இல் எட்டாம் வாரத்து முள்ளந்தண்டு வடத்திலேயே இடவல வேறுபாடு இருப்பதைக் காட்டியது. மூளையின் கட்டளை அங்கே எட்டும் முன்பே கையின் சாய்வு தொடங்கிவிடுகிறது என்பது இதன் பொருள்.

இரண்டு கேள்விகளும் சந்திக்குமிடம்

மதுவையும் கையையும் நேரடியாக இணைத்துப் பார்த்த ஆய்வுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது 2009இல் எரிக் டொமெலொஃப், லூயிஸ் ரோன்க்விஸ்ட், ஜாக்குலின் ஃபகார் ஆகியோர், வட பிரான்சின் ரூபே நகரக் குழந்தை வைத்தியர் மோரிஸ் தித்ரானோடு சேர்ந்து செய்தது. மது நோய்க்குறித்தொகுதி உள்ள பிள்ளைகளின் பக்கச்சார்பு, ஒத்த பிள்ளைகளின் வழக்கமான வலச்சாய்விலிருந்து விலகியிருந்தது. சிறிய குழு, முடிவு உறுதியானது என்று சொல்ல முடியாது.

மறைமுகச் சான்றுகள் இதைவிட வலுவானவை. எலிசபெத் சோவெல்லின் குழு 2002இல், சாதாரணப் பதின்வயதினரின் பொட்டெலும்புப் பகுதி மூளையில் தெளிவாகத் தெரியும் இடவல வேறுபாடு மதுவுக்கு ஆட்பட்டோரிடம் மங்கியிருப்பதைக் கண்டது. அதே ஆண்டு ரோபக், மாட்சன், ரைலி மூவரும் எளிய சோதனையொன்றைச் செய்தார்கள்: கண்ணுக்கு மறைவாக ஒரு கையின் விரல்களைத் தொட்டு, தொட்ட விரல் எது என்று அதே கையாலோ மறுகையாலோ காட்டச் சொல்வது. மறுகையால் காட்டும்போது மதுவுக்கு ஆட்பட்ட பிள்ளைகள் அதிகம் தவறினார்கள். கார்பஸ் கலோசம் சிறுத்தவர்களிடம் தவறுகள் கூடின.

இவற்றைக் கோத்து, மது கார்பஸ் கலோசத்தைக் கெடுக்கிறது, அதனால் கைச்சார்பு குலைகிறது என்று முடிக்க ஆசை வரும். காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. ஹெப்பரும் ஓக்லன்பர்க்கும் காட்டியபடி கை சாயத் தொடங்குவது எட்டாம், பத்தாம் வாரங்களில். கார்பஸ் கலோசத்தின் நார்கள் மறுபுறம் கடக்கத் தொடங்குவது அதற்குப் பிறகு. பின்னால் வருவது முன்னால் நடந்ததற்குக் காரணமாகாது. என் மதிப்பீட்டில், திசையையும் உறுதியையும் பிரித்துப் பார்த்தால் இந்த முடிச்சு ஓரளவு தளரும். எந்தக் கை என்பது மிக முன்பே தீர்மானமாகலாம். அந்தக் கை எவ்வளவு உறுதியாகத் தலைமை ஏற்கிறது என்பதற்கு இரு அரைக்கோளங்களின் பேச்சுவார்த்தை வேண்டும். மது கெடுப்பது இரண்டாவதை என்றால், எதிர்பார்க்க வேண்டியது இடக்கைக்காரர் கூடுவதையல்ல, எழுத ஒரு கை எறிய ஒரு கை என்று கலந்து பயன்படுத்துவோர் கூடுவதை. இதுவும் இப்போதைக்குக் கருதுகோள்தான்.

இந்த முடிவின் மேல் விழும் இன்னொரு நிழல் உண்டு. பிரித்தானியாவின் யூகே பயோபேங்க் திட்டத்தில் சேர்ந்த சுமார் ஐந்து இலட்சம் பேரின் தரவை வைத்து டி கோவெல், ஃபிராங்ஸ் குழுவினர் 2019இல், பிறப்பு எடை, இரட்டைப் பிறப்பு, தாய்ப்பால், பிறந்த ஆண்டு முதலிய ஆரம்பகாலக் காரணிகளைக் கைச்சார்போடு பொருத்திப் பார்த்தார்கள். சில தொடர்புகள் இருந்தன. அனைத்தையும் சேர்த்தாலும் ஒருவர் எந்தக் கைக்காரர் என்று முன்னறிய அவை அநேகமாக உதவவில்லை. குழுக்களுக்கிடையே தெரியும் வேறுபாட்டைத் தனியொரு பிள்ளையின் மேல் ஏற்றிப் படிக்க முடியாது.

கொஞ்சம் குடித்தால்?

அதிகக் குடியின் தீங்கில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. குறைந்த அளவில்தான் சண்டை. டென்மார்க்கில் கெஸ்மோடல் குழு 2012இல் வெளியிட்ட, 1628 தாய்மாரைக் கொண்ட ஆய்வு, மிதமான குடி ஐந்து வயதுப் பிள்ளைகளின் அறிவுத்திறனைக் குறைத்ததாகக் காணவில்லை. அதே ஆண்டு, இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதிப் பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வின் தரவில் சாரா லூயிஸ் குழு வேறு வழியில் போனது: மதுவைச் சிதைக்கும் மரபணுக்களில் வேறுபாடுள்ள பிள்ளைகளை ஒப்பிட்டபோது, மிதமாகக் குடித்த தாய்மாரின் பிள்ளைகளிடம் மட்டும் எட்டு வயது அறிவுத்திறனில் சிறு வேறுபாடு தெரிந்தது. மேலைநாடுகளில் மிதமாகக் குடிக்கும் பெண்கள் படித்தவர்களாகவும் வசதியுள்ளவர்களாகவும் இருப்பது வழக்கம். அந்த வசதி மதுவின் தீங்கை மறைத்துவிடும். மரபணு வழி அந்த மறைப்பை ஓரளவு விலக்குகிறது என்பதால் எனக்கு இரண்டாவதில் நம்பிக்கை கூடுதல். அமெரிக்காவில் 9719 சிறுவர்களைப் பார்த்த 2020ஆம் ஆண்டு ஆய்வு குழப்பத்தைக் கூட்டியது: குறைந்த அளவு மதுவுக்கு ஆட்பட்டோரின் மூளைப் பரிமாணம் சுருங்காமல் சற்றுப் பெரிதாக இருந்தது, கூடவே நடத்தைச் சிக்கல்களும் இருந்தன.

குண்டசாலையில் வைத்துப் பார்த்தால்

மேற்சொன்ன எல்லா ஆய்வுகளும் பெண்கள் பரவலாகக் குடிக்கும் நாடுகளில் பிறந்தவை. இலங்கையில் நிலைமை வேறு. 2015ஆம் ஆண்டையொட்டிய தேசியக் கணக்கெடுப்பின்படி ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் குடிப்பவர். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அந்த எண்ணை அப்படியே நம்பலாமா என்பது முதற்சிக்கல். பெண்களுக்கு மது விற்பதை 1979இல் தடைசெய்த விதியை 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர நீக்கினார். சில நாட்களுக்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை இரத்துச் செய்தார். பெண்ணின் குடி சட்டத்தாலும் ஊர்வாயாலும் இப்படிக் காவல் செய்யப்படும் நாட்டில், கிளினிக்கில் அமர்ந்திருக்கும் கர்ப்பிணி உண்மையைச் சொல்வாள் என்று எதிர்பார்ப்பது கடினம். 1904இலும் 1912இலும் எழுந்த மதுவெதிர்ப்பு இயக்கங்கள் தேசிய உணர்வோடு கலந்தே வளர்ந்தன. அந்த ஒழுக்கச் சுமை இன்னும் இறங்கவில்லை. பியர்சன் காலத்து இங்கிலாந்தைப் போல இங்கும், கேள்வியைக் கேட்கும் விதமே விடையைக் கெடுத்துவிடலாம்.

கண்டி மாவட்டத்துத் தோட்டங்களைப் பற்றிப் பேசும்போது ஒரு வெளிநாட்டு ஒப்பீடு தவிர்க்க முடியாததாக வந்துவிடுகிறது. தென்னாப்பிரிக்காவின் மேற்கு கேப் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை வைனாகக் கொடுக்கும் 'டொப்' முறை தலைமுறைகளாக இருந்தது. அங்கே ஓர் ஊரில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளை 2000ஆம் ஆண்டையொட்டிப் பரிசோதித்தபோது, ஆயிரத்துக்கு 40.5 முதல் 46.4 பேருக்கு முழு நோய்க்குறித்தொகுதி இருந்தது. உலக மதிப்பீடு பத்தாயிரத்துக்கு 14.6தான். மலையகத்திலும் தோட்டம், லயன், குறைந்த கூலி, கசிப்பு எல்லாம் உண்டு. ஒற்றுமை அதோடு முடிகிறது. கேப் பகுதியில் பெண்களும் வார இறுதிகளில் கடுமையாகக் குடித்தார்கள். மலையகத்தில் சாராயக்கடை முன் நிற்பது பெரும்பாலும் ஆண்கள். தோட்டப் பெண்களிடையே, அதிலும் வயதானவர்களிடையே, குடி முற்றிலும் இல்லையென்று சொல்ல முடியாது. அதை வைத்து மலையகத் தாய்மார் அனைவர் மேலும் ஐயம் வீசுவது ஆய்வுக்கும் நியாயத்துக்கும் பொருந்தாது.

இங்கே கேள்வி தந்தையை நோக்கித் திரும்ப வேண்டும் என்று தோன்றுகிறது. அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று உயிரியல் வழி. டெக்சாஸில் மைக்கேல் கோல்டிங்கின் ஆய்வுக்கூடம் 2023இல், கருத்தரிப்புக்கு முன் மது ஏற்றப்பட்ட ஆண் எலிகளின் குட்டிகளில் முக, மண்டை வளர்ச்சி மாறுவதைக் காட்டியது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட சீனத் தம்பதியரைத் தொடர்ந்து 2021இல் வெளிவந்த ஆய்வும், கருத்தரிப்புக்கு முன் குடித்த தந்தையரின் பிள்ளைகளிடம் பிறவிக் குறைகள் சற்றுக் கூடுதலாக இருப்பதைக் கண்டது. மற்றது வீட்டு வழி. 2019இல் எடுக்கப்பட்ட தேசியப் பெண்கள் நலக் கணக்கெடுப்பில், துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் துணையின் உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையைச் சந்தித்ததாகச் சொன்னார். குடியே அதற்கெல்லாம் காரணம் என்று சொல்ல வரவில்லை. அது சேரும் வீடுகளில் கர்ப்பிணியின் அச்சமும் பசியும் கூடும். இது கைச்சார்போடு வந்து முட்டுகிறது: பிரிஸ்டல் தரவில் விவெட் குளோவர் 2004இல், கர்ப்பத்தின் 18ஆம் வாரத்தில் பதற்றமாக இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் கலந்த கைச்சார்பு கூடியிருப்பதைக் கண்டார், டென்மார்க்கின் ஒபெல் 2003இல் ஒத்த முடிவுக்கு வந்திருந்தார். குண்டசாலையில் ஒரு பிள்ளையின் கை கலந்திருந்தால், தாயின் வாயில் ஒரு துளியும் படாமல் தந்தையின் குடியே அதன் பின்னணியில் இருக்கலாம். எதுவுமே இல்லாமலும் இருக்கலாம்.

ஊட்டம் இதில் மூன்றாவது கை. இரும்புச்சத்துக் குறைந்த தாயிடம் மதுவின் தீங்கு பெருகுவதாகக் கேப்டவுன் ஆய்வுகள் சொல்கின்றன. குறைந்த எடையோடு பிறக்கும் குழந்தைகளின் விகிதம் இலங்கையில் தோட்டப்புறத்திலேயே மிக அதிகம். சிறுத்த தலையையும் குன்றிய வளர்ச்சியையும் வைத்து மதுவைக் கண்டுபிடிக்கப் போகிறவர், முதலில் பட்டினியைக் கண்டுபிடிக்க நேரும்.

முகத்தைப் படிப்பதிலும் இடறல் உண்டு. மேலுதட்டையும் அதற்கு மேலுள்ள வரியையும் ஒப்பிடச் சியாட்டிலில் உருவான படவரிசை, ஐரோப்பிய வழியினருக்கு ஒன்றும் ஆப்பிரிக்க வழியினருக்கு ஒன்றுமாக இரண்டு வடிவங்களில் இருக்கிறது. கண்பிளவின் இயல்பான நீளமும் இனத்துக்கினம் மாறும். கண்டிக் கிராமத்துச் சிங்களக் குழந்தையையோ தோட்டத்துத் தமிழ்க் குழந்தையையோ அந்தப் படங்களோடு வைத்து நோக்குவதில் எச்சரிக்கை வேண்டும்.

கையை அளப்பதுதான் எல்லாவற்றிலும் சிக்கல். ஆய்வுலகம் பெரிதும் நம்புவது ஓல்ட்ஃபீல்டு 1971இல் வகுத்த எடின்பரோ வினாநிரல். எழுதுதல், வரைதல், எறிதல், கத்தரிக்கோல், பல்துலக்கி, கத்தி, கரண்டி, துடைப்பம், தீக்குச்சி, பெட்டிமூடி என்பன அதன் பத்துக் கேள்விகள். இங்கே கரண்டிக் கேள்வி வீண். சோறு கையால், அதுவும் சோற்றுக்கையால். எழுத்தும் நம்பத்தக்கதல்ல. ஏடு தொடக்கும் நாளிலேயே பிள்ளையின் வலக்கையைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோம். அதன்பின் வீட்டிலும் பள்ளியிலும் திருத்தல் தொடர்கிறது. இந்தப் பழக்கம் எண்களை எவ்வளவு மாற்றும் என்பதற்கு அமெரிக்காவிலேயே சான்றுண்டு: 1986இல் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழ் நடத்திய மணக் கணக்கெடுப்பில் பதிலளித்த பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரில், நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த முதியவர்களிடையே இடக்கையால் எழுதுவோர் இளையவர்களைவிட வெகு குறைவாக இருந்தார்கள். மரபணு அரை நூற்றாண்டில் மாறவில்லை. ஆசிரியரின் பிரம்பு மாறியது.

மிஞ்சுவன திருத்தப்படாத செயல்கள்: கல்லெறிதல், தீக்குச்சி உரசுதல், தும்புத்தடியால் கூட்டும்போது எந்தக் கை மேலே என்பது. துடுப்பாட்டத்தைச் சேர்க்கக் கூடாது. பல்லேகல மைதானத்தில் இடப்பக்கம் நின்று ஆடுபவர்களில் பலர் வலக்கையால் எழுதுபவர்கள். சச்சின் டெண்டுல்கர் இடக்கையால் எழுதி வலப்பக்கம் நின்று ஆடியவர்.

திறந்திருப்பவை

அதிகக் குடி கருவின் மூளையைச் சேதப்படுத்துகிறது என்பதும், அந்தச் சேதத்தில் இரு அரைக்கோளங்களின் இணைப்புக்குப் பெரும்பங்கு உண்டு என்பதும் உறுதி. பாதிக்கப்பட்ட பிள்ளைகளிடையே வலச்சார்பு தளர்கிறது என்பது வாய்ப்புள்ள முடிவு. அது மதுவுக்கே உரிய தடமா, எந்த ஆரம்பகால மூளைக் காயமும் விடும் தடமா என்பது தெளியவில்லை. சாட்ஸின் கணக்கைப் பார்த்தால் இரண்டாவதற்கே சாய்வு கூடுதல். குறைந்த அளவு மது பக்கச்சார்பைத் தொடுகிறதா என்பதும், தந்தையின் குடி விந்தின் வழியாகச் செல்கிறதா வீட்டின் வழியாகவா என்பதும் திறந்தே கிடக்கின்றன. தனியொரு பிள்ளையின் இடக்கையை வைத்துத் தாயைப் பற்றி எதையும் ஊகிக்க முடியாது என்பதில் மட்டும் ஐயத்துக்கு இடமில்லை.

இவற்றை இலங்கையில் அளக்க நினைப்பவருக்கு எண்ணிக்கை முதல் தடை. வலக்கை சாராதோர் பொதுவில் நூற்றுக்குப் பத்து, பாதிக்கப்பட்டோரிடம் இருபது என்று வைத்துக்கொண்டால், வழக்கமான புள்ளியியல் நம்பகத்துக்குக் குழுவுக்கு ஏறத்தாழ 200 பிள்ளைகள் வேண்டும். வேறுபாடு பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையிலென்றால் குழுவுக்குச் சுமார் 3800. குண்டசாலைப் பிரிவு மட்டும் இதைத் தராது. மத்திய மாகாணம் முழுவதும் சேர்ந்தாலும் முதல் எண்ணையே எட்டுவது கடினம். ஆனால் இந்நாட்டில் அநேகமாக எல்லாப் பிரசவமும் வைத்தியசாலையில் நடக்கிறது, கர்ப்பிணிகளின் பதிவும் மருத்துவமாதின் கையில் இருக்கிறது. அதனால் தாயையும் தந்தையையும் கருத்தரிப்பிலிருந்தே பின்தொடர்வது இங்கே பல நாடுகளைவிட எளிது. அப்படித் தொடங்கும் ஆய்வு கைக்கு வருமுன் ஒன்றைத் தீர்க்க வேண்டியிருக்கும். சில வாரங்களுக்குள் குடித்திருந்தால் இரத்தத்தில் காட்டும் ஃபொஸ்பட்டிடைல் எத்தனால் சோதனைக்குச் சில துளிகள் போதும். கிளினிக்கில் 'குடிப்பதில்லை' என்று சொன்னவர்களின் எண்ணிக்கைக்கும் அந்தத் துளிகள் சொல்லும் எண்ணிக்கைக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பதே அது.